ஒரு கோடு, இரண்டு புள்ளி

நம் பள்ளிக்கூடத்துப் புதுக் கட்டடத்தில் மாட்டப்போகிற பலகையின் படத்தைப் போன வாரம் நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தீர்கள். கறுப்புக் கல்லில் பொன்னிற எழுத்து. இதுவரை வேலை பார்த்த ஆசிரியர்கள் எல்லாருடைய பெயரும் வரிசையாக. ஆளாளுக்குக் கைகூப்புகிற பொம்மையை அனுப்பினீர்கள். நானும் ஒன்று அனுப்பினேன். பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, மேலிருந்து கீழே வாசித்தேன். மூன்றே மாதம் இருந்துவிட்டு ஓடிப்போன ட்ரில் வாத்தியாரின் பெயர்கூட இருக்கிறது. ஆறாம் வகுப்பில் நமக்குப் பாடம் எடுத்த டீச்சரின் பெயர் இல்லை.

யாராவது கேட்பீர்கள் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். குழுவில் பிறந்தநாள் வாழ்த்தும் சர்க்கரை வியாதிக்கு வைத்தியமும் வந்துகொண்டிருந்தனவே தவிர, டீச்சரைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. மறந்துவிட்டோம் என்று மட்டும் சொல்லாதீர்கள். வகுப்பின் ஓட்டுக்கூரை எந்த பெஞ்சுக்கு நேரே ஒழுகும் என்பதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறவர்கள் நாம். இருபத்தேழு பேருக்கும் தெரிந்த ஒன்றை இருபத்தேழு பேரும் சொல்லாமல் இருந்தோம். அதற்குக் காரணம் நான். ஆகவே வாயைத் திறக்கவேண்டியவளும் நான்தான்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. கரிசலில் மழை பெய்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்தடி நடப்பதற்குள் காலில் செருப்புக் கனத்துக்கு மண் ஏறிவிடும். பள்ளிக்கூடத்துப் படியில் உட்கார்ந்து, உடைந்த ஓட்டுச் சில்லால் சுரண்டிவிட்டுத்தான் உள்ளே போவோம். டீச்சரும் குடையை மடக்கி வைத்துவிட்டு நம்மோடு உட்கார்ந்து சுரண்டுவார். அவர் திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரர். கிறிஸ்தவர் என்பதால் வேதக்கார டீச்சர் என்றுதான் ஊரில் அவரைச் சொல்வார்கள்.

"எங்க ஊரு மணலு, தட்டினா போயிரும். உங்க ஊரு மண்ணு ஆளை விடமாட்டேங்குதே" என்பார். நமக்கு அது பெருமையாக இருக்கும்.

அவருடைய எழுத்தை நினைத்துப் பாருங்கள். கரும்பலகையில் ஒரு வரி எழுதினால் நூல் பிடித்ததுபோல் இருக்கும். என் எழுத்து பிறந்தது அந்த எழுத்திலிருந்துதான். அவர் எழுதிக் காட்டியதை அப்படியே பார்த்து எழுதி எழுதி, கடைசியில் எது டீச்சர் எழுதியது, எது நான் எழுதியது என்று நமக்குள் பந்தயம் கட்டுகிற அளவுக்கு ஆகிவிட்டது. எழுத்தைவிட எனக்கு அவருடைய கையெழுத்தின் மேல்தான் ஆசை. தினமும் வருகைப் பதிவேட்டை எடுத்து முடித்ததும் கீழே கையெழுத்துப் போடுவார். பெயரை எழுதி, அதன் அடியில் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைப்பார். டொக், டொக் என்று அந்தப் புள்ளிகள் விழுகிற சத்தம் முதல் பெஞ்சுக்குக் கேட்கும்.

என் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் யாரும் இல்லை. உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் அப்படித்தான். நான் தினமும் பார்த்த ஒரே கையெழுத்து டீச்சருடையது. ஆகவே கோடும் இரண்டு புள்ளியும் இருந்தால்தான் அது கையெழுத்து, இல்லாவிட்டால் செல்லாது என்று நானாகவே முடிவு கட்டி வைத்திருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

மார்க் அட்டை கொடுத்த மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் நீங்கள் நின்ற நிலை ஞாபகம் இருக்கிறதா? உங்கள் அம்மாக்களே அனுப்பி வைப்பார்கள். "அந்தப் பிள்ளைட்டப் போயி ஐயாவுக்குப் போட்டு வாங்கிட்டு வா" என்று. ஒரு கை கொடுக்காப்புளிக்கு ஒரு தகப்பனார் கையெழுத்து. நான் ஆளுக்கு ஏற்றபடி போடுவேன். உயரமான தகப்பனாருக்கு உயரமான எழுத்து, கோபக்காரருக்குச் சாய்ந்த எழுத்து. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கோடு, இரண்டு புள்ளி.

டீச்சர் அந்த அட்டைகளைச் சேர்த்து வாங்கிப் புரட்டினார். புரட்டப் புரட்டச் சிரிப்பு வந்தது அவருக்கு. என்னை எழுப்பி நிறுத்தினார்.

"ஏட்டி, இத்தனை பேருக்கும் நீதான் அப்பாவா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். டீச்சர் அட்டைகளைக் கட்டிப் பெரிய சார் மேசைக்கு அனுப்பிவிட்டார். தலைமை ஆசிரியரைத்தான் நாம் பெரிய சார் என்போம். அவரும் பார்த்தார், மூக்குப்பொடி டப்பாவை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார். அன்றைக்கு டீச்சர் எனக்கு ஓர் அடி கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அடிக்கத் தெரியாத டீச்சர். அடித்தார் என்றுதான் அவர்மேல் குற்றம் எழுதினார்கள்.

சண்டை வருகைப் பதிவேட்டில்தான் தொடங்கியது. விடியும் முன்பே தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஹார்ன் அடித்துக்கொண்டு வரும். நம் வகுப்புப் பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் தூக்குவாளியோடு ஓடிப்போய் ஏறுவார்கள். தீக்குச்சி அடுக்குவதற்கும் பெட்டி ஒட்டுவதற்கும் சின்ன விரல்தான் தோது. என் பக்கத்தில் உட்காருகிறவள் அதில் ஒருத்தி. நீயும் இந்தக் குழுவில் இருக்கிறாய். இதை வாசித்துக்கொண்டுதான் இருப்பாய். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடம் வருவாய். வருகிற நாளில் உன் விரலில் அடிக்கிற மருந்து வாடை என் புத்தகத்திலும் ஏறிவிடும்.

டீச்சர் வராதவர்களுக்கு ஆப்சென்ட் போட்டார். அதற்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாருக்கும் பிரசென்ட் போட்டு வந்திருக்கிறார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாத்தியார் வேலை போய்விடும். வேனை அனுப்புகிறவர் பள்ளிக்கூடத்தை நடத்துகிற மானேஜரின் மைத்துனர். ஆகவே மானேஜருக்கு இரண்டு பக்கமும் பிள்ளைகள் வேண்டும். அதே நேரத்தில், அதே பிள்ளைகள்.

ஒருநாள் மானேஜர் பெரிய சாரைக் கூட்டிக்கொண்டு வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டார். குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் பெஞ்சுக்கு அடியில் ஓடியது. அதனால் அவர் நின்ற இடமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"நீங்க ஒரு கோடு போட்டா உங்களுக்கு என்ன டீச்சர் கொறஞ்சுபோகுது?"

"இல்லாத பிள்ளைய இருக்குன்னு எப்படிய்யா எழுதுறது? நாளைக்கு அங்கன ஒண்ணு ஆச்சுன்னா, அந்த நேரம் பிள்ளை பள்ளிக்கூடத்துல இருந்துச்சுன்னு என் நோட்டு சொல்லுமே. பெத்தவிய யாருகிட்டப் போயி நிப்பாவ?"

மானேஜர் குடையை உதறினார். பெரிய சாரைப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

டீச்சர் சொன்னது பத்தே நாளில் நடந்தது. தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சி அடுக்கிய சட்டம் பற்றிக்கொண்டு உன் வலது உள்ளங்கை வெந்துபோனது. வாழைத்தண்டுச் சாற்றைத் தடவி, வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். டீச்சர் உன் வீட்டுக்குப் போனார். முதல் தடவை உன் அம்மா அவரை வாசலிலேயே வைத்து ஏசியது தெருவுக்கே கேட்டது. இரண்டாம் தடவை உட்காரச் சொன்னார்கள். மூன்றாம் தடவை டீச்சரோடு நீ பள்ளிக்கூடம் வந்தாய். கட்டுப்போட்ட கையை பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டிருந்தாய்.

அந்தக் கட்டைக் காட்டித்தான் டீச்சருக்கு மெமோ கொடுத்தார்கள். இரும்பு ஸ்கேலால் மாணவியின் உள்ளங்கையில் அடித்துக் காயம் உண்டாக்கினார் என்று. பெற்றோர்கள் பலரும் அவர்மேல் புகார் சொல்கிறார்கள் என்று. சஸ்பெண்டு என்ற வார்த்தை அன்றைக்குத்தான் நம் ஊருக்குள் வந்தது. டீச்சர் தெருக்கோடியில் இருந்த தன் அறையிலேயே இருந்தார். நாம் அந்த வழியாகப் போனால் ஜன்னலை மெதுவாகச் சாத்திக்கொள்வார். நம்மைப் பார்த்துப் பேசினால் சாட்சியைக் கலைக்கிறார் என்று சொல்வார்கள் அல்லவா? இது புரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆயிற்று. அப்போது நம்மேல் கோபம் என்றுதான் நினைத்தேன்.

கல்வி ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி வந்து விசாரிக்கப் போகிறார் என்று தெரிந்தது. என் ஐயாவுக்கு அது பொறுக்கவில்லை.

"நம்ம பிள்ளைய அடிச்சாவன்னு நம்ம பேரைச் சொல்லி அவன் எழுதுவான், நாம பாத்துக்கிட்டு இருக்கணுமா? நாம எழுதுவோம், அந்தம்மா அடிக்கலைன்னு."

ஊரில் எழுதத் தெரிந்த பெரியவர்கள் இருந்தார்கள். எல்லாரும் என் ஐயாவைப்போலவே மானேஜரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர்கள், பயந்தவர்கள். அவர்கள் வீட்டுப் படலைத் தட்டுவதில் பிரயோசனம் இல்லை என்று ஐயா என்னைக் கூப்பிட்டார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். டீச்சர் எங்கள் பிள்ளைகளை அடிப்பதில்லை. அந்தப் பிள்ளையின் கை தீப்பெட்டி ஆபீஸில் வெந்தது. எங்களுக்கு இந்த டீச்சர் வேண்டும். கோடு போட்ட தாளில், அதுவரை நான் எழுதியதிலேயே அழகான எழுத்தில் எழுதினேன். அதாவது, டீச்சரின் எழுத்தில்.

"எல்லார்ட்டயும் கைநாட்டு வாங்கிருவோமா?" என்று அம்மா கேட்டாள்.

ஐயா ஒரேயடியாக மறுத்தார். "கைநாட்டு வச்சா, எழுத்துத் தெரியாத பயலுவ, என்ன எழுதியிருக்குன்னு தெரியாமலே உருட்டிட்டானுவன்னு சொல்லிருவான். கையெழுத்துதான் வேணும். எல்லாருக்கும் பிள்ளையே போடட்டும், எப்பமும் போடுததுதானே. ஆனா ஒவ்வொருத்தர்ட்டயும் நேரா போயி, வாசிச்சுக் காட்டி, சரின்னு கேட்டுட்டுப் போடணும்."

என் ஐயா சொன்னதில் எங்கே தப்பு என்று இன்றைக்கும் தேடுகிறேன். யோசித்துப் பார்த்தால் அவ்வளவு நேர்மையான வழி அது.

பரீட்சை அட்டையில் தாளைச் செருகி, அதன்மேல் உரச்சாக்குப் பிளாஸ்டிக்கைப் போர்த்திக்கொண்டு காடு காடாகப் போனேன். களையெடுப்பு நேரம். பாசிப்பயறும் உளுந்தும் முழங்கால் உயரம் நின்றன. வரப்பில் நின்று சத்தமாக வாசிப்பேன். களையெடுக்கிறவர்கள் நிமிர்ந்து இடுப்பில் கைவைத்துக் கேட்பார்கள். "நல்லா எழுதியிருக்கட்டி, போட்டுரு" என்பார்கள். நான் அவர்கள் கண்முன்னாலேயே போடுவேன். ஒரு கோடு, இரண்டு புள்ளி. இருபத்தாறு பேருக்கு அப்படிப் போட்டேன். எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும்.

கடைசியாக உன் அம்மா. நான் சித்தி என்று கூப்பிடுவேன். ஓடைக்கரைப் புஞ்சையில் தனியாகக் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசித்து முடித்ததும் சித்தி களைக்கொத்தியைக் கீழே போட்டார்கள்.

"என் பிள்ளை கையப் பத்தி எழுதியிருக்கு. இதுல வேற ஆளு போட்டா நல்லா இருக்காது. நானே வைக்கேன்."

சொல்லிவிட்டு, நான் தடுப்பதற்குள் பெருவிரலை ஈரக் கரிசலில் ஒற்றித் தாளின் கடைசியில் அழுத்திவிட்டார்கள். கறுப்பாக, ரேகை ரேகையாகப் பதிந்தது. சித்தி அதைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெள்ளைத் தாள், வரிசையான கையெழுத்து, கடைசியில் ஒரு மண் அப்பல். ஐயா திட்டுவார். வீட்டுக்கு வரும் வழியில் ஓடைப் பாலத்தில் உட்கார்ந்து, மண் காய்கிறவரை காத்திருந்து, நகத்தால் உதிர்த்தேன். மிச்சத்தை ரப்பரால் தேய்த்தேன். மங்கலாக ஒரு கறை மட்டும் நின்றது. அதன்மேல் சித்தியின் பெயரை எழுதி, கோடு இழுத்து, இரண்டு புள்ளி வைத்தேன்.

விசாரணை பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலில் நடந்தது. நம்மையெல்லாம் ஒரு பக்கம் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். பெற்றவர்கள் சுவரோரம் நின்றார்கள். மானேஜர் அதிகாரிக்குப் பக்கத்தில் நாற்காலியில். டீச்சர் நின்றுகொண்டிருந்தார். அதிகாரி கெட்டவராகத் தெரியவில்லை, மெதுவாகத்தான் பேசினார்.

டீச்சர் முதலில் வருகைப் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னார். அடித்ததாகச் சொல்கிற நாளில் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை, அதில் இருக்கிறது என்றார். பெரிய சார் எழுந்து, பதிவேடு மழையில் நனைந்து தாள் ஒட்டிக்கொண்டுவிட்டது என்றார். ஓடு ஒழுகுவது உண்மைதான். பெரிய சாரின் அலமாரிக்கு மேலே ஒழுகாது என்பது நமக்கெல்லாம் தெரியும்.

பிறகு அதிகாரி நம் மனுவை எடுத்தார். வாசித்தார். கையெழுத்துகளின்மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். என் ஐயாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"இது உங்க கையெழுத்தா?"

ஐயா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. "ஆமாய்யா. நாந்தான் போட்டேன்."

"இந்தத் தாள்ல இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்க."

ஐயா பேனாவை வாங்கினார். களைக்கொத்தியைப் பிடிப்பதுபோல் பிடித்தார். ஹாலில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.  அவர் தாளில் ஒரு கோடு இழுத்தார். அதன் கீழே இரண்டு புள்ளி வைத்தார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

மானேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்பு சுவரோரம் இருந்த எல்லார்மேலும் விழுந்தது. அப்போதுதான் சித்தி முன்னால் வந்தார்கள்.

"ஐயா, நான் கையெழுத்துப் போடல. நான் கைநாட்டு வச்சேன். என் கையால வச்சேன். என் பிள்ளைக்குத் தீப்பெட்டி ஆபீஸ்லதான் கை வெந்துச்சு."

அதிகாரி தாளைத் திருப்பிக் காட்டினார். "இதுல கைநாட்டே இல்லையேம்மா."

சித்தி குனிந்து பார்த்தார்கள். தாளை இப்படியும் அப்படியும் பார்த்தார்கள். "வச்சேன்யா" என்றார்கள் மறுபடியும். இரண்டாம் தடவை குரல் இறங்கிவிட்டது. யாரோ ஒருவர் சிரித்தார். பின்வரிசையில் நம்மில் இன்னொருவர் சிரித்தார்.

அதிகாரி டீச்சர் கொடுத்திருந்த விளக்கக் கடிதத்தை எடுத்து மனுவுக்குப் பக்கத்தில் வைத்தார். எழுத்தைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார்.

"டீச்சர், இந்தக் கோடும் புள்ளியும் உங்களோட வழக்கம்தானே? இது யார் எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

டீச்சர் மனுவை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சின்ன அசைவு வந்தது. மார்க் அட்டைகளைப் புரட்டியபோது வந்த சிரிப்பின் தொடக்கம் அது, நான் அறிவேன். வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. தலை நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு தடவை திரும்பியிருந்தால் போதும், அதிகாரி என்னைக் கண்டுபிடித்திருப்பார். எனக்கு டி.சி. கொடுத்து அனுப்பியிருப்பார்கள். என் ஐயாவின் குத்தகையும் அன்றோடு போயிருக்கும்.

பெரிய சாருக்கும் தெரியும். அதே கோடும் புள்ளியும் போட்ட மார்க் அட்டைகள் அவர் அலமாரியில் இருந்தன. அவர் பொடி டப்பாவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை.

நான் எழுந்திருக்கத்தான் நினைத்தேன். நம்புங்கள். சுவரோரம் நின்ற என் அம்மா கண்ணாலேயே என்னை அழுத்தி உட்கார வைத்தாள். நீங்கள் இருபத்தாறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு எல்லாரும் ஒன்றாகத் தரையைப் பார்த்தீர்கள். உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. நானும் தரையைத்தான் பார்த்தேன். சிமெண்டு பெயர்ந்த இடத்தில் ஓர் எறும்பு போய்க்கொண்டிருந்தது.

இல்லாத பிள்ளைக்கு ஒரு கோடு போட மாட்டேன் என்ற டீச்சர், இருபத்தேழு பேருக்குப் பொய்க் கையெழுத்துப் போட்டதாக எழுதப்பட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பஸ் ஏறுகிற அன்று மழை விட்டிருந்தது. பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, குடைக் கம்பியால் செருப்பு மண்ணைச் சுரண்டிவிட்டு ஏறினார். கொஞ்சம் மண் அதிலேயே ஒட்டிக்கொண்டு போயிற்று. நீ மறுபடியும் வேனில் ஏறினாய். பிறகு பள்ளிக்கூடப் பக்கம் வரவே இல்லை. உன் அம்மாவுக்கு "வைக்காத கைநாட்டு" என்று பட்டப்பெயர் வந்தது. தெருவில் அவர்கள் போகும்போது நம்மில் சிலர் அதைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறோம். நான் சொன்னதில்லை; சொல்லாததற்கு என்ன காரணம் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

பிற்காலத்தில் நான் வேறொரு மாவட்டத்தில் கல்வி ஆபீஸில்தான் கிளார்க்காக வேலை பார்த்தேன். முதல் வருஷமே தனியார் பள்ளிகளின் விதிகளை எடுத்து வைத்துப் படித்தேன். கைநாட்டு தாராளமாகச் செல்லும்; இன்னாருடையது என்று எழுதி ஒரு சாட்சி இருந்தால் போதும். எழுதத் தெரியாதவருக்காக இன்னொருவர் எழுதினாலும், இன்னார் சொல்ல இன்னார் எழுதியது என்று ஒரு வரி சேர்த்திருந்தால் எங்கள் மனு நின்றிருக்கும். குற்றம் சாட்டப்பட்ட ஆசிரியருக்குப் பதிவேட்டைப் பார்க்க உரிமை உண்டு. நனைந்திருந்தால் நனைந்ததையே காட்டச் சொல்லலாம். இலாகாவின் அனுமதி இல்லாமல் நீக்க முடியாது. நீக்கினாலும் மேல்முறையீடு உண்டு. டீச்சர் படித்தவர், இதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். ஏன் மேலே போகவில்லை என்று யோசித்தேன். மேலே போயிருந்தால் அங்கேயும் முதல் கேள்வி, இதை எழுதியது யார் என்பதுதான். புத்தகத்தை மூடி வைத்தேன். 

அவரை ஒரு தடவை பார்த்தேன். கல்யாணமான புதிதில் தீபாவளிக்குத் துணி எடுக்க புதியம்புத்தூர் போயிருந்தோம். ஒரு தையல் யூனிட்டுக்குள் ரெடிமேடு பாவாடைச் சட்டைகளைக் குவித்துப் போட்டிருந்தார்கள். உள்ளே வரிசையாகத் தையல் மிஷின்கள். ஓரத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண் பொத்தான் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். நான் ஓடிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

"ஏட்டி, நீயா?" என்றார். "என்ன செய்யுத?"

"ஆபீஸ்ல வேலை பாக்கேன் டீச்சர்." எந்த ஆபீஸ் என்று சொல்லவில்லை.

நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சிரித்தார். "இன்னும் எல்லாருக்கும் நீதான் அப்பாவா?"

அதில் கோபம் ஒரு துளிகூட இல்லை. இருந்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அவர் சாதாரணமாகக் கேட்டுவிட்டு அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டார். மிஷின்கள் ஓடுகிற சத்தத்தில் என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். வாரேன் டீச்சர் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒரு வருஷம் நான் அங்கே போனபோது அந்த ஓரத்தில் வேறொருத்தி இருந்தாள். டீச்சர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

அந்த வகுப்பறையும் டீச்சர் புள்ளி வைக்கிற சத்தமும் என்னை விட்டுப் போகவில்லை. ஆபீஸில் முப்பது வருஷம் கையெழுத்துப் போட்டேன். ஒரு நாள்கூட அடியில் கோடு இழுத்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பெயரை எழுதி முடித்ததும் எனக்குக் கேட்கும். டொக், டொக்.

பலகையின் படத்தைப் பார்த்த நான்காம் நாள் ஒரு மனு எழுதினேன். டீச்சரின் பெயரைச் சேர்க்க வேண்டும், அவர் எந்தப் பொய்க் கையெழுத்தும் போடவில்லை, போட்டவள் நான் என்று. அதை எடுத்துக்கொண்டு நம் ஊருக்கு பஸ் ஏறினேன். உன்னிடம் சொல்லாமல்தான் போனேன், மன்னித்துக்கொள். சித்தி வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். கண் பார்வை பாதிதான் இருக்கிறது. காது நன்றாகக் கேட்கிறது. நான் யாரென்று சொன்னேன். மனுவை வாசித்துக் காட்டினேன், அன்றைக்கு வரப்பில் நின்று வாசித்ததுபோலவே. பிறகு சொன்னேன்.

"சித்தி, அன்னைக்கு நீங்க வச்ச கைநாட்டை நாந்தான் அழிச்சேன். மண்ணாயிருக்குன்னு ரப்பர் வச்சு அழிச்சுட்டேன்."

சித்தி என்னை ஏசுவார்கள் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட நல்லது என்றிருந்தது. அவர்கள் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்கள்.

"அப்பம் நான் வச்சேன்லா?"

"வச்சீங்க சித்தி."

"நெசமாவே வச்சேன்லா? எனக்கே சந்தேகமாப் போச்சுத்தா. அத்தனை பேரு இல்லைன்னு சொன்னாவளா, நாந்தான் நெனப்புல வச்சுட்டனோன்னு... அவியகூடச் சாவுத மட்டும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ." கட்டிலுக்கு மேலே சுவரில் மாலை போட்டுத் தொங்கிய தன் வீட்டுக்காரரின் படத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினார்கள். "கேட்டீயளா? நான் வச்சிருக்கேன்."

வேறொன்றும் கேட்கவில்லை. டீச்சர் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. நான் மைப்பெட்டியைத் திறந்தேன். சித்தி பெருவிரலைச் சேலையில் துடைக்கப் போனார்கள். துடைக்க வேண்டாம் சித்தி, அப்படியே வையுங்கள் என்றேன். விரலைப் பிடித்து மையில் ஒற்றித் தாளில் வைத்தேன். அழுத்தினார்கள். எடுக்கச் சொன்னேன், எடுக்கவில்லை.

"இரு. நல்லாப் பதியட்டும்" என்றார்கள்.